ஸ்டோர்ல பேரிங் எடுத்துக் குடுத்துட்டு இருந்தவன மெயின்டெனன்ஸுக்கு வான்னு கூப்பிடறாங்க, போலாமா?

ஸ்டோர்ரூம்_ஆளு:

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன், இன்னிக்குத்தான் முதல் தடவையா எழுதறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

வயசு 31. படிச்சது காமர்ஸ். ஒரு ஃபேக்டரில ஸ்பேர்ஸ் ஸ்டோர்ல 7 வருஷமா இருக்கேன். இன்டென்ட் வரும், சாமான எடுத்துக் குடுக்கணும், சிஸ்டத்துல என்ட்ரி போடணும், ஸ்டாக் குறைஞ்சா பர்சேஸுக்கு சொல்லணும், வருஷக் கடைசில எல்லாத்தையும் எண்ணணும், அவ்ளோதான் வேலை. ஸ்பேனர் கையில புடிச்சதில்ல. ஆனா ஏழு வருஷம் பேரிங் டப்பாவையே பாத்துட்டு இருந்தா நம்பர் தானா மண்டைல ஒட்டிக்கும்ல, 6205ன்னா உள் ஓட்டை 25 மில்லி, 6308ன்னா 40 மில்லி, கடைசி ரெண்டு நம்பர அஞ்சால பெருக்கிக்க வேண்டியதுதான், இசட்-இசட்னு இருந்தா தகர மூடி, ஆர்எஸ்னு இருந்தா ரப்பர் சீல். சி3ன்னு சில டப்பால இருக்கும், அது என்னன்னு தெரியாது. யாரும் என்கிட்ட கேட்டதில்ல, நானும் யார்கிட்டயும் கேட்டதில்ல.

விஷயத்துக்கு வரேன். ஒரு பம்ப் மோட்டாருக்கு அஞ்சு மாசத்துல மூணாவது தடவையா அதே 6308 கேட்டு ஃபிட்டர் வந்து நின்னார். என்னண்ணே மறுபடியுமான்னு கேட்டேன், அவ்ளோதான், புடிச்சுக்கிட்டார், நீங்கல்லாம் மட்டமான சரக்கா வாங்கிப் போட்டுட்டு எங்க தாலிய அறுக்கறீங்கன்னு எல்லார் முன்னாடியும் ஒரே சத்தம். எனக்கு ரோஷம் வந்துடுச்சு. சாயங்காலம் உக்காந்து பழைய பின் கார்டு கட்ட எடுத்தேன், ஒவ்வொரு சாமானுக்கும் வரவு செலவு குறிக்கற அட்டை, சிஸ்டம் வர்றதுக்கு முன்னாடி கையால எழுதினது. அந்த மோட்டாருக்கு வருஷத்துக்கு ஒண்ணு கூட போகல. கார்டுல எழுதியிருந்தது "6308 சி3". சிஸ்டத்துல இருக்கறது வெறும் "6308". ஏன்னு பாத்தா, பத்து மாசம் முன்னாடி புது சாஃப்ட்வேருக்கு டேட்டா மாத்தினப்போ டிஸ்க்ரிப்ஷன் காலத்துல இத்தன எழுத்துதான்னு ஒரு கணக்கு இருந்திருக்கு, அதுக்கு மேல இருந்த வால் எல்லாம் வெட்டுப்பட்டுப் போச்சு. பர்சேஸ்காரங்க சிஸ்டத்துல இருக்கறத பாத்து சரியாத்தான் வாங்கியிருக்காங்க. போய் மோட்டார் தகட்ட துடைச்சுப் பாத்தேன், அதுலயும் 6308 சி3ன்னுதான் அடிச்சிருக்கு. இதே மாதிரி வால் போன ஐட்டம் அறுபத்திச் சொச்சம் இருந்துச்சு. லிஸ்ட் போட்டு, அரைப் பக்கம் எழுதி மெயின்டெனன்ஸ் ஹெட்கிட்ட குடுத்தேன்.

சி3 வாங்கிப் போட்டு நாலு மாசமாச்சு, மோட்டார் ஓடிட்டு இருக்கு. இப்ப அவர் கூப்பிட்டு, ப்ளானரா வந்துடு, எந்த மெஷின் எப்ப நின்னுச்சு, எதனால நின்னுச்சுன்னு ரெக்கார்டு முழுக்க நீ பாரு, ரெண்டு வருஷத்துல ரிலையபிலிட்டி பக்கம், அதாவது மெஷின் அடிக்கடி நிக்காம பாத்துக்கற பக்கம், தள்ளி விடறேங்கறார். எச்.ஆர்ல கேட்டா டிகிரி இல்லாம இன்ஜினியர்ங்கற டெசிக்னேஷன் வராதாம். வீட்ல, இருக்கற நாற்காலிய விட்டுட்டு எதுக்கு கிரீஸ்ல போய் விழறேங்கறாங்க. கூட வேலை பாக்கற ஒருத்தன் சொன்னதுதான் இன்னும் குத்துது: "க்ளெர்க் பண்ண தப்ப இன்னொரு க்ளெர்க் கண்டுபுடிச்சான், இதுல இன்ஜினியரிங் எங்கடா இருக்கு?"

அவன் சொல்றது சரியா? இப்படிக் குறுக்கு வழில உள்ள வந்தவங்க யாராவது இங்க இருக்கீங்களா? நான் எங்கேர்ந்து படிக்க ஆரம்பிக்கறது?


நைட்_ஷிஃப்ட்:

ப்ரோ போங்க. ஃபிட்டர் திட்டினதுக்கு கோவப்பட்டு பழைய கார்டு எடுத்துப் பாத்தீங்க பாருங்க, அதுவே போதும், எங்க ப்ளான்ட்ல டிகிரி வெச்சிருக்கறவங்க பாதிப் பேரு பேரிங் போனா புது பேரிங் போட்டுட்டு போயிட்டே இருப்பாங்க.

ஒண்ணு கேக்கறேன், கழட்டின பழைய பேரிங் இருக்கா, ஸ்க்ராப்புக்கு போயிடுச்சா? இருந்தா வெளி ரிங்க அறுத்து உள்ள பாருங்க. பால் ஓடற பாதைல ஏணிப்படி மாதிரி வரிவரியா குறுக்குக் கோடு இருந்துச்சுன்னா கதை வேற. அந்த மோட்டார் டிரைவ்ல ஓடுதா, அதாவது வேகத்த கூட்டிக் குறைக்கற எலக்ட்ரானிக் பெட்டி வழியா? அப்படின்னா ஷாஃப்ட்ல வோல்டேஜ் ஏறி பேரிங் வழியாத்தான் எர்த்துக்கு எறங்கும், ஒவ்வொரு தடவையும் குட்டிக் குட்டியா ஸ்பார்க் அடிச்சு பாதைய அரிச்சுடும். அதுக்கு சி3 போட்டாலும் போகும், சி4 போட்டாலும் போகும். ஷாஃப்ட்டுக்கு எர்த்திங் ரிங் வைக்கணும், இல்ல இன்சுலேட்டட் பேரிங் போடணும். நாலு மாசம் ஓடுதுன்னு மட்டும் வெச்சு கேஸ் முடிஞ்சுதுன்னு எழுதிடாதீங்க.


காதுல_ஹெட்ஃபோன்:

தம்பி, நான் வந்த வழிய கேட்டா நீ உன் வழிய குறுக்கு வழின்னே சொல்ல மாட்ட. நான் சவுண்ட் இன்ஜினியர், அதாவது பேர்லதான் இன்ஜினியர், ஸ்டூடியோல பாட்டு ரெக்கார்டிங், மிக்ஸிங். ஒன்பது வருஷம். ஒரு நாள் தெரிஞ்சவர் ஒருத்தர், அக்கா எங்க கியர்பாக்ஸ் ஒண்ணு ஒரு மாதிரி கத்துது, உங்க மைக்க எடுத்துட்டு வந்து ரெக்கார்ட் பண்ணித் தருவீங்களா, வெளியூர்ல இருக்கற கம்பெனிக்கு அனுப்பணும்னார். போனேன். ரெக்கார்ட் பண்ணி, சத்தத்த ஹெர்ட்ஸ் வாரியா பிரிச்சுக் காட்டற ஸ்பெக்ட்ரம்ல போட்டுப் பாத்தா, பாட்டுல ஹம் இருந்தா எப்படி குச்சி குச்சியா நிக்குமோ அதே மாதிரி சரிசமமான இடைவெளியில வரிசையா பீக் நிக்குது. ஒண்ணுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல எவ்ளோ ஹெர்ட்ஸ்னு அளந்து, ஏதாவது ஒண்ணு செகண்டுக்கு இத்தன தடவ தட்டுதா பாருங்கன்னு சொன்னேன். பாத்தா, ஒரு கியர்ல ஒரு பல் உடைஞ்சிருக்கு, அது ஒவ்வொரு சுத்துலயும் ஒரு தட்டு தட்டுது. அங்கேயே எனக்குப் புடிச்சுப் போச்சு. இன்னிக்கு வைப்ரேஷன் அனலிஸ்ட், பன்னெண்டு வருஷமாச்சு.

இத பெருமைக்கு சொல்லல, அடுத்து நடந்த கூத்த கேளு. வேலைக்கு சேந்து ஆறு மாசத்துல ஒரு மோட்டார். 3000 ஆர்.பி.எம்க்கு கிட்ட ஓடற ரகம், கரண்டு 50 ஹெர்ட்ஸ். 100 ஹெர்ட்ஸ்ல பெரிய பீக். சுத்தற வேகம் செகண்டுக்கு 50, அதுக்கு ரெண்டு மடங்குல பீக் வந்தா அலைன்மென்ட் கோளாறு, அதாவது ரெண்டு ஷாஃப்ட்டும் ஒரே நேர்கோட்டுல இல்லன்னு புக்ல படிச்சிருந்தேன், அதனால ஷாஃப்ட் ரெண்டையும் இணைக்கற கப்ளிங்க கழட்டுங்கன்னு தைரியமா எழுதிக் குடுத்துட்டேன். ரெண்டு பேர் ஒரு ஷிஃப்ட் முழுக்க உக்காந்து கழட்டி டயல் வெச்சுப் பாத்தா, அலைன்மென்ட் அச்சு மாதிரி இருக்கு. ஏன்னா மோட்டார் சரியா 50ல சுத்தாது, ஸ்லிப் உண்டு, 49 சொச்சம்தான் வரும், அதோட ரெண்டு மடங்கு 99 பக்கம். கரண்டோட ரெண்டு மடங்குதான் 100. நான் எடுத்த ரெக்கார்டிங்ல ரெண்டும் தனியா தெரியற அளவுக்கு நுணுக்கம் இல்ல, ஒட்டிக்கிட்டு ஒரே பீக்கா தெரிஞ்சிருக்கு. உண்மைல அது ஸ்டேட்டர், அதாவது மோட்டார்ல சுத்தாம நிக்கற காயில் பக்கத்துக் கோளாறு. ஸ்விட்ச ஆஃப் பண்ண அந்த நிமிஷமே அந்த பீக் மறைஞ்சிருக்கும், மெக்கானிக்கல்னா வேகம் குறையக் குறைய கொஞ்சம் கொஞ்சமா எறங்கும். அந்த ஒரு சோதனைய பண்ணாம ரெண்டு பேரோட ஒரு நாள வீணாக்கினேன். அந்த ஃபிட்டருங்க ஒரு மாசம் என்ன பாட்டுக்கார அம்மான்னுதான் கூப்பிட்டாங்க, மூஞ்சிக்கு நேராவே.

அதனால சொல்றேன், காது எனக்கு வாசல திறந்து விட்டுச்சு, உள்ள நின்னு பேசறதுக்கு மோட்டார் எப்படி வேலை செய்யுதுன்னு கத்துக்க வேண்டி வந்துச்சு. உனக்கு பின் கார்டு எனக்கு மைக் மாதிரி.

பரீட்சை விஷயம்: வைப்ரேஷன் பக்கம் ஐ.எஸ்.ஓ 18436-2ன்னு ஒண்ணு இருக்கு, நாலு கேட்டகிரி. பயிற்சி எடுத்திருக்கியா, வேலை பாத்த அனுபவம் இருக்கா, பரீட்சைல பாஸா, இதத்தான் கேப்பாங்க, டிகிரி பேப்பர கேக்க மாட்டாங்க. முதல் கேட்டகிரிலேர்ந்து ஆரம்பி. உன் 6308ல 8 பால். மோட்டார் 1500ல ஓடுதுன்னா செகண்டுக்கு 25 சுத்து. வெளி ரிங்ல அடி பட்டிருந்தா சுமாரா 0.4 பெருக்கல் 8 பெருக்கல் 25, 80 ஹெர்ட்ஸுக்கு பக்கத்துல தட்டும். ஸ்டோர்ல உக்காந்துட்டே இந்தக் கணக்க போட்டு வெச்சுக்கலாம், யாரும் தடுக்கல.


சீல்_வைக்கிறவன்:

கொஞ்சம் தண்ணி ஊத்திட்டு போறேன், திட்டாதீங்க.

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். ட்ராயிங்ல கையெழுத்து போட்டு சீல் வைக்கறது என் வேலை, அந்தக் கட்டடம் நாளைக்கு எறங்குச்சுன்னா கோர்ட்ல நிக்கறதும் நான்தான். இந்த மாதிரி கேள்வி வந்தா யாராவது ஒருத்தர் அந்தக் காலத்து இங்கிலாந்து ரயில் இன்ஜினியர் ஜார்ஜ் ஸ்டீவன்சன் கதைய எடுத்துட்டு வருவீங்க, அதுக்கு முன்னாடி நானே சொல்லிடறேன், ஆனா முழுசா சொல்றேன். 18 வயசு வரைக்கும் எழுதப் படிக்கத் தெரியாத ஆள். 1811ல கில்லிங்வர்த் நிலக்கரிச் சுரங்கத்துல தண்ணி இறைக்கற இன்ஜின் ஒண்ணு எவ்ளோ பாத்தும் சரியா வரல, இவர் கழட்டி மாட்டி ஓட விட்டார், அடுத்த வருஷம் சுரங்கத்து மெஷினுக்கெல்லாம் இவர்தான் பொறுப்பு. 1829ல ராக்கெட்னு பேர் வெச்ச ரயில் இன்ஜின். இது வரைக்கும் எல்லாரும் சொல்வாங்க. நடுவுல 1825 இருக்கு. லிவர்பூல் மான்செஸ்டர் ரயில் பாதைக்கு அனுமதி கேட்டு பார்லிமென்ட் கமிட்டி முன்னாடி நிக்கறார். சர்வேல மட்டம் எடுத்தது இவர் ஆளுங்க, அதுல தப்பு இருந்துச்சு, இவர் சரி பாக்கல. எதிர்த்தரப்பு வக்கீல் ஒவ்வொரு அளவா கேட்டுக் கிழிச்சார், பதில் சொல்ல முடியல. மசோதா போச்சு. அடுத்த வருஷம் வேற ஆளுங்க புதுசா சர்வே எடுத்துதான் அனுமதியே கெடச்சுது. அதுக்கப்புறம் அவரையே திரும்பக் கூப்பிட்டாங்க, அது வேற விஷயம்.

இன்ஜின தொட்டுப் பாத்து சரி பண்ற திறமைக்கும், போட்ட நம்பருக்கு அடுத்தவன் கேள்வி கேக்கும்போது நின்னு பதில் சொல்ற திறமைக்கும் வித்தியாசம் இருக்கு. முதலாவது உங்களுக்கு இருக்கு போல. ரெண்டாவத யாரும் ஓசில குடுக்க மாட்டாங்க.

இன்னொண்ணு, எச்.ஆர் சொன்னத அவமானமா எடுத்துக்காதீங்க. கனடா மாதிரி சில நாட்டுல இன்ஜினியர்ங்கற வார்த்தைக்கே சட்டப் பாதுகாப்பு உண்டு, லைசென்ஸ் இல்லாம போட்டுக்க முடியாது. கட்டடம், பாலம், பிரஷர் வெசல், இந்தப் பக்கம் கையெழுத்துப் போடற வேலைக்கு நீங்க டிகிரி இல்லாம வர்றது ரொம்ப ரொம்பக் கஷ்டம், வரவும் கூடாதுங்கறது என் கட்சி. மெயின்டெனன்ஸ், ரிலையபிலிட்டி, புது மெஷின நிறுத்தி ஓட்டிக் காட்டற கமிஷனிங், டெஸ்டிங் இதெல்லாம் அப்படி இல்ல. எந்தக் கதவு திறந்திருக்கோ அதுல போங்க, மூடின கதவு முன்னாடி நின்னு சண்ட போடாதீங்க.


மைக்ரான்_மன்னாரு:

சீல் சார் சொன்னதுல முக்கால்வாசி ஒத்துக்கறேன், அந்தக் கால்வாசிக்குத்தான் வந்தேன்.

முதல்ல உங்க ஃப்ரெண்டு கேட்டாரே, இதுல இன்ஜினியரிங் எங்கன்னு, அதுக்கு பதில். சி3ன்னா உள் ரிங்குக்கும் பாலுக்கும் வெளி ரிங்குக்கும் நடுவுல விட்டிருக்கற இடைவெளி சாதாரணத்த விட அதிகம்னு அர்த்தம். 40 மில்லி ஓட்டை பேரிங்குக்கு சாதாரண இடைவெளி 6லேர்ந்து 20 மைக்ரான். சி3ன்னா 15லேர்ந்து 33. தலமுடி ஒண்ணு சுமாரா 70 மைக்ரான் இருக்கும், அப்ப எவ்ளோ பொடி விஷயம்னு பாத்துக்கோங்க. இப்ப ஷாஃப்ட்ல இறுக்கமா ஏத்தும்போதே உள் ரிங் கொஞ்சம் விரியும், அதுல சில மைக்ரான் காலி. மோட்டார் ஓடினா உள் ரிங் வெளி ரிங்க விட சூடாகும், ஏன்னா ரோட்டர் சூடு ஷாஃப்ட் வழியா வந்துட்டே இருக்கு, வெளி ரிங்குக்கு பாடி வழியா காத்து படுது. வித்தியாசம் 15 டிகிரின்னு வெச்சுக்கலாம். இரும்பு ஒரு மீட்டருக்கு ஒரு டிகிரிக்கு 12 மைக்ரான் விரியும். உள் பாதையோட விட்டம் சுமாரா 50 மில்லி, அதாவது 0.05 மீட்டர். 0.05 பெருக்கல் 12 பெருக்கல் 15, ஒன்பது மைக்ரான். ஏத்தினப்போ போனது, சூட்டுல போனது ரெண்டையும் கூட்டிப் பாருங்க, கையிருப்பு 6 மைக்ரான் இருக்கற பேரிங்கா இருந்தா இடைவெளி முடிஞ்சு நெருக்க ஆரம்பிச்சாச்சு. நெருக்கினா சூடு, சூடானா இன்னும் விரியும், இன்னும் நெருக்கும். எல்லா சாதாரண பேரிங்கும் சாகாது, 18 மைக்ரான்ல வந்தது தப்பிச்சுக்கும், அதனாலதான் ஒண்ணு ரெண்டு மாசத்துலயும் இன்னொண்ணு மூணு மாசத்துலயும் போயிருக்கும், கணக்கே புரியாம எல்லாரும் சரக்கு மட்டம்னு சொல்லியிருப்பாங்க.

இந்தப் பத்து வரியத்தான் உங்க அரைப் பக்கத்துல சேத்திருக்கணும். கார்டுல இருந்ததும் சிஸ்டத்துல இருக்கறதும் வேறன்னு சொன்னவரைக்கும் உங்க ஃப்ரெண்டு சொல்றது சரி, நல்ல க்ளெர்க். ஏன் அந்த ரெண்டு எழுத்து போனதால மோட்டார் நின்னுச்சுன்னு இத எழுதிட்டீங்கன்னா அவன் வாய மூடிக்குவான்.

அதனால படிக்கறத தலைகீழா படிங்க. காலேஜ்ல மொதல்ல நாலு செமஸ்டர் கணக்கு, அப்புறம்தான் மெஷின் கண்ணுல படும். உங்களுக்கு மெஷின் ஏற்கனவே கண்ணு முன்னாடி நிக்குது. இந்த பேரிங்குலேர்ந்து வெப்ப விரிவு, அதுலேர்ந்து எவ்ளோ இறுக்கம், எவ்ளோ தளர்வு விடலாம்ங்கற ஃபிட் டாலரன்ஸ், அதுலேர்ந்து லோடு. பால் பேரிங்ல லோடு ரெண்டு மடங்கானா ஆயுள் எட்டுல ஒரு பங்காயிடும், கன விகிதம், இத ஒரு தடவ கையால போட்டுப் பாத்துட்டா பெல்ட்ட ஓவரா இறுக்கறவன பாத்தாலே உங்களுக்கு பதறும். பேரிங் கம்பெனிங்க கேட்டலாக்ல முன்னாடி நூறு பக்கம் சும்மா பாடமாவே இருக்கும், இலவசம், எவனும் படிக்கறதில்ல, எல்லாரும் நேரா பின்னாடி டேபிளுக்கு ஓடிடறாங்க.

நான் யாருன்னா, மெஷின் மேனுவல் மொழிபெயர்க்கறவனா இருந்தேன். ஒரு மேனுவல்ல "போதுமான அளவு முறுக்கவும்"னு ஒரு வரி, போதுமானன்னா எவ்ளோன்னு கேட்டு மெயில் மேல மெயில் போட்டேன், கடைசில கடுப்பாகி நீயே வந்து பாருன்னு கமிஷனிங் நடக்கற இடத்துக்கு கூப்பிட்டாங்க. போனவன் திரும்பி வரல.

பேர் பத்தி ஒண்ணு. மார்கரெட் ஹாமில்டன் படிச்சது கணிதம், 1959ல வானிலை கணிக்கற ப்ரோக்ராம் எழுத வேலைக்கு சேந்தவங்க, அங்கேர்ந்து ராணுவ ரேடார் சாஃப்ட்வேர், அங்கேர்ந்து நிலாவுக்கு ஆள் அனுப்பின அப்போலோ. சாஃப்ட்வேர் இன்ஜினியரிங்னு அவங்க சொல்ல ஆரம்பிச்சப்போ சுத்தி இருந்தவங்க அத ஒரு ஜோக்காத்தான் எடுத்துக்கிட்டாங்கன்னு அவங்களே சொல்லியிருக்காங்க. பேர் பின்னாடி வரட்டும் விடுங்க. சம்பளம் மட்டும் இப்பவே எழுத்துல வாங்கிடுங்க, ரெண்டு வருஷத்துல தள்ளி விடறேங்கறதெல்லாம் வாய் வார்த்தை, அந்த ஹெட் நாளைக்கே வேற கம்பெனிக்கு போயிட்டார்னா உங்கள ப்ளானர் சீட்லயே மறந்துடுவாங்க.


சீல்_வைக்கிறவன்:

மன்னாரு, அந்த 15 டிகிரி எங்கேர்ந்து வந்துச்சு? அளந்ததா, நினைச்சதா?


மைக்ரான்_மன்னாரு:

நினைச்சதுதான் சார், மாட்டிக்கிட்டேன் 🙂 மோட்டார் ஓடும்போது பாடில தெர்மாமீட்டர் வெச்சா வெளி ரிங் சூடு ஓரளவுக்கு கெடைக்கும், உள் ரிங்க அளக்கறது லேசு இல்ல. அதனால 5 டிகிரி, 15 டிகிரி, 25 டிகிரின்னு மூணுக்கும் போட்டுப் பாக்கணும், 3, 9, 15 மைக்ரான் வரும். ஸ்டோர் தம்பி, நோட் பண்ணிக்கோங்க, சீல் சார் சொன்ன ரெண்டாவது திறமை இதுதான்.


ஸ்டோர்ரூம்_ஆளு:

எல்லாருக்கும் ரொம்ப தேங்க்ஸ், ரெண்டு நாளா திருப்பித் திருப்பி படிச்சுட்டு இருந்தேன். அக்கா, பாட்டுக்கார அம்மா கதைய படிச்சு சிரிச்சுட்டேன், ஆனா வயித்துல ஒரு கலக்கமும் வந்துச்சு, நானும் இப்படி ஒரு நாள் மாட்டுவேன்ல.

நைட்_ஷிஃப்ட் ப்ரோ, நீங்க கேட்டீங்கன்னு ஸ்க்ராப் யார்டுல போய் தேடினேன். மூணுல ரெண்டு போயிடுச்சு, ஒண்ணு மட்டும் டிரம்முக்கு அடியில கெடந்துச்சு, டப்பாவோட நம்பர் வெச்சு அதுதான்னு உறுதி பண்ணிக்கிட்டேன். என்ன அன்னிக்கு திட்டின அதே ஃபிட்டர்தான் க்ரைண்டர்ல வெளி ரிங்க அறுத்துக் குடுத்தார். முதல்ல எதுக்குன்னு முறைச்சார், அப்புறம் ரிங் ரெண்டா பிரிஞ்சதும் என்ன விட அவர்தான் கிட்ட போய் பாத்தார். ஏணிப்படிக் கோடு இல்ல. கிரீஸ் கருகி கட்டியா ஒட்டியிருக்கு, பால் ஓடற பாதை ஒரு மாதிரி பழுப்பும் நீலமுமா நிறம் மாறியிருக்கு, உள் ரிங்ல வெளி ரிங்க விட அதிகமா. மோட்டாருக்கு டிரைவ் கிடையாது, நேரா ஸ்டார்ட்டர்தான், அதையும் பேனல்ல போய் பாத்துட்டு வந்துட்டேன்.

மன்னாரு அண்ணா, அந்தப் பெருக்கல மூணு டிகிரிக்கும் போட்டு பேப்பர்ல எழுதி ஹெட்கிட்ட குடுத்தேன். அவர் கேட்ட மொத கேள்வி, ஏத்தினப்போ சில மைக்ரான் போகும்னு எழுதியிருக்கியே, சிலன்னா எத்தனைங்கறது. முழிச்சேன். ஷாஃப்ட்ட மைக்ரோமீட்டர் வெச்சு அளந்திருக்கணுமாம், அடுத்த தடவ மோட்டார் கழட்டும்போது கூப்பிடறேன்னு சொல்லியிருக்கார். ஒண்ணாம் தேதிலேர்ந்து அங்கதான் உக்காரப் போறேன். சம்பளம் எழுத்துல வாங்கியாச்சு, டெசிக்னேஷன்ல வெறும் ப்ளானர்னுதான் போட்டிருக்கு.

ஒரு சந்தேகம் மட்டும். மைக்ரோமீட்டர் நான் இஷ்யூ பண்ணியிருக்கேனே தவிர புடிச்சதில்ல. ஷாஃப்ட்ல எத்தன இடத்துல அளக்கணும்?


நைட்_ஷிஃப்ட்:

பேரிங் உக்கார்ற எடத்துல நீளவாக்குல ரெண்டு மூணு எடம், ஒவ்வொரு எடத்துலயும் குறுக்கும் நெடுக்குமா ரெண்டு தடவ, அப்பதான் ஷாஃப்ட் முட்டையாகியிருக்கா, ஒரு பக்கம் தேஞ்சிருக்கான்னு தெரியும். ஷாஃப்ட் ஆறினப்புறம் அளங்க, சூடா இருக்கும்போது அளந்துட்டு மன்னாருகிட்ட வந்தா அவர் மறுபடி பன்னெண்டால பெருக்க ஆரம்பிச்சுடுவார். அந்த அறுத்த ரிங்க தூக்கிப் போட்டுடாதீங்க, மோட்டார் நம்பரும் தேதியும் எழுதிக் கட்டி உங்க புது டேபிள்லயே வைங்க, நாளைக்கு இன்னொண்ணு அறுக்கும்போது பக்கத்துல வெச்சுப் பாக்க வேணும்.